வெளிநாட்டு நாளிதழின் மின்சந்தா: நான்காண்டு அனுபவம்

2021 ஜூன் கடைசியில் இந்தச் சந்தாவைக் கட்டினேன். அந்த வாரம்தான் ஹாங்காங்கில் 26 ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஆப்பிள் டெய்லி நாளிதழ் மூடப்பட்டது. கணக்குகள் முடக்கப்பட்டதால் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூட வழியில்லை. ஜூன் 24 தேதியிட்ட கடைசி இதழை 10 லட்சம் பிரதிகள் அச்சிட்டார்கள். நள்ளிரவிலேயே மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதுவரை செய்தியை ஓசியில் படித்துவந்த எனக்கு அந்தப் படங்களைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. அமெரிக்க நாளிதழ் ஒன்றில் சேர்ந்தேன்.

படிக்கும் அனுபவத்தில் குறையே இல்லை. இங்கே சிங்கப்பூரில், செங்காங்கில் ரயில் ஏறினால் ஊட்ரம் பார்க் வருவதற்குள் ஒரு நீண்ட கட்டுரை முடிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது, கட்டுரையின் அடியில் வரும் திருத்தக் குறிப்பு. ஒருவரின் வயதைத் தவறாகப் போட்டிருந்தால்கூட, எதைத் தவறாகச் சொன்னோம், சரி எது என்று எழுதிவிடுகிறார்கள்.

என் மாமனாரும் இதே கணக்கில்தான் படிக்கிறார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். 2006 மே 2 அன்று அங்கே உதயன் நாளிதழின் அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஊழியர்கள் இருவரைக் கொன்றார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். “அதுக்குப் பிறகும் பேப்பர் வந்தது, தம்பி” என்று ஒவ்வொரு மே மாதமும் சொல்வார். பத்திரிகைக்குக் காசு கட்டுவதை அவர் செலவாகவே நினைப்பதில்லை.

அப்புறம், வாடிக்கையாளர் சேவை.

2023இல் என் கடன்பற்று அட்டை மாறியது. புது எண்ணைப் பதிந்த மாதம் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பினேன், தானியங்கிப் பதில்தான் வந்தது. சரி, கூப்பிட்டுப் பேசலாம் என்றால் அவர்களுக்குக் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் இரவு 9, குளிர்காலத்தில் இரவு 10. முதல் நாள் 40 நிமிடம் பாட்டுக் கேட்டேன், இணைப்பு அறுந்தது. இரண்டாம் நாள் பேசியவர், “உங்கள் கணக்கில் ஒரு கட்டணம்தான் தெரிகிறது” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வங்கி அறிக்கையை அனுப்புகிறேன் என்றேன். அதை வாங்கிப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லையாம். மேலதிகாரி கூப்பிடுவார் என்றார்.

கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இங்கே வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு பிளஸ் குறியோடுதான் தெரியும். மோசடி அழைப்பாக இருக்கலாம், எடுக்காதே என்று நமக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! நான் எடுக்கவில்லை. ‘வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை’ என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபம் பணத்துக்காக இல்லை. வயதைத் தவறாகப் போட்டால் திருத்தம் வெளியிடும் பத்திரிகை, சந்தாதாரரிடம் மட்டும் தவறே நடக்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம்? ஊரில் உள்ள அதிகாரிகளை எல்லாம் பதில் சொல் என்று கேட்பவர்கள் அல்லவா!

மூன்றாம் முறை ஒரு பெண் பேசினார். அறிக்கையை அனுப்பச் சொன்னார், இணைப்பிலேயே இருந்து பார்த்தார். “தவறு எங்களுடையது” என்றார். ஆறே நிமிடம். பத்து நாளில் பணம் திரும்பி வந்தது.

சேர நினைப்பவர்களுக்கு: சேருங்கள். புகார் எண்ணை முதல் அழைப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப அழைக்கிறோம் என்றால், எந்த நாள், எத்தனை மணி, எந்த எண்ணிலிருந்து என்று கேட்காமல் வைக்காதீர்கள்.

நான் விடப்போவதில்லை. நேற்று மாமனாரின் டேப்லெட்டில் செயலி மறுபடியும் கடவுச்சொல் கேட்டு, அவரை உள்ளே விடவில்லை. இன்று இரவு 9 மணிக்குக் கூப்பிட வேண்டும்.