அகராதி நல்லதா என்று பார்க்க எனக்கு ஒரு சொல் போதும்: சயின்டிஃபிக்கலி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் விவசாயம், உணவு, உடல்நலம் பற்றிய கையேடுகள் வரும். போன மாதம் தேனீ வளர்ப்பு பற்றி ஒரு சிறு புத்தகம் வந்தது, அதில் சயின்டிஃபிக்கலி என்ற வினையடை மட்டும் ஏழு இடத்தில். நான் ஏழிலும் 'அறிவியல்பூர்வமாக' என்று போட்டு அனுப்பிவிட்டேன். சரிபார்த்தவர் நான்கைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, நான் தினமும் புரட்டும் மூன்று அகராதிகளிலும் இந்த ஒரு சொல்லையும் அதன் குடும்பத்தையும் தேடிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலம் படிக்கிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், பிள்ளைகளுக்கு நல்ல அகராதி தேடுகிற பெற்றோர் யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

முதலில் போனில் இருக்கும் இலவச ஆங்கிலம்-தமிழ் செயலி. பெயர் வேண்டாம், இதைப் போல நிறைய இருக்கின்றன. சொல்லை அடித்தால் இரண்டு பொருள் வருகிறது, அறிவியல்பூர்வமாக, விஞ்ஞானரீதியாக, அவ்வளவுதான். எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுகூட இல்லை, எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்ற தகவல் இல்லை, அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் திரை முழுக்க ஒரு விளம்பரம். கொடுத்திருக்கிற பொருள் தப்பில்லை, அதுதான் சிக்கலே. தப்பாக இருந்தால் சந்தேகப்பட்டு வேறு இடத்தில் பார்த்திருப்பேன். பாதி சரியாக இருந்ததால் நம்பி ஏழு இடத்திலும் ஒட்டிவிட்டேன்.

அந்த நான்கு இடங்களைச் சொல்கிறேன், அப்போதுதான் அகராதியிடம் நாம் என்ன கேட்க வேண்டும் என்று புரியும்.

ஒன்று, கொட்டாத கொசுத்தேனீ பற்றிய வாக்கியம். அது 'சயின்டிஃபிக்கலி இம்பார்ட்டன்ட்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் 'அறிவியல்பூர்வமாக முக்கியமானது' என்று எழுதியிருந்தேன். வாய்விட்டுப் படித்தால் அது முக்கியம் என்பதை யாரோ சோதனைச் சாலையில் நிரூபித்த மாதிரி இருக்கிறது. சொல்ல வந்ததோ அறிவியலுக்கு அது முக்கியம் என்பது. நான்காம் வேற்றுமை 'கு' உருபு ஒன்று போதும், தமிழில் வினையடையே வேண்டாம்.

இரண்டு, 'சயின்டிஃபிக்கலி லிட்டரேட்'. நான் எழுதியது 'அறிவியல்பூர்வமாகப் படித்த வாசகர்'. இப்போது பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அறிவியல் ஓரளவு தெரிந்த வாசகர் என்றாலே முடிந்தது. மூன்று, தேனீப் பெட்டிகளை வாரம் ஒருமுறை சயின்டிஃபிக்கலி ஆய்வு செய்யுங்கள் என்ற அறிவுரை. இங்கே அறிவியல் என்ற பாடத்துக்கு வேலையே இல்லை. பெட்டிக்குள் தேனடை தாங்கும் மரச்சட்டங்களில் ஒன்றையும் விடாமல், வரிசையாக, கண்டதைக் குறித்துக்கொண்டு, முறையாகப் பார்க்கச் சொல்கிறார்கள். 'முறைப்படி' என்பதுதான் அதற்குச் சரியான தமிழ்ச் சொல். நான்காவதுக்குக் கடைசியில் வருகிறேன், அது தனிக் கதை.

சரி, இரண்டாவது அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரீஸ் இணையதளம். இலவசமாகவே தேடலாம். தமிழ்ப் பொருள் கிடையாது, ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே விளக்கும், அதனால் நம்மில் பலர் பக்கத்திலேயே போவதில்லை. ஆனால் ஏழு இடத்தில் ஏன் ஒரே சொல் நிற்காது என்பதற்கு எனக்கு விடை கிடைத்தது இங்கேதான். மூலச் சொல்லான சயின்டிஃபிக் என்ற பெயரடைக்கு இரண்டு பொருளை எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். முதலாவது அறிவியலோடு தொடர்புடையது, இரண்டாவது ஒரு வேலையைச் செய்யும் விதத்தைப் பற்றியது, கவனமாகவும் தர்க்கமாகவும் செய்வது. வினையடையிலும் இந்த இரண்டும் அப்படியே தொடர்கிறது. இந்த ஒரு பிரிவினை எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் தேனீப் பெட்டியில் சறுக்கியிருக்க மாட்டேன்.

இந்த அகராதியை நான் நம்புவதற்கு இன்னொரு காரணம், இதை யாருக்காக உருவாக்கினார்கள் என்பது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924இல் ஜப்பானுக்குப் போய் ஆங்கிலம் கற்பித்தவர். வேற்று மொழிக்காரர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை வகுப்பறையிலேயே பார்த்து, மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கிய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. இன்றைக்கும் விளக்கங்களை முடிந்தவரை எளிய அடிப்படைச் சொற்களிலேயே எழுதுகிறார்கள், அதனால் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய் விளக்கத்தில் இருக்கும் இன்னும் மூன்று சொல்லுக்குப் பொருள் தேடும் அவஸ்தை குறைவு.

ஒலிப்புக்கும் அதே தளம்தான். நீல நிறக் குறியைத் தொட்டால் பிரிட்டிஷ் ஒலிப்பு, சிவப்பைத் தொட்டால் அமெரிக்க ஒலிப்பு. கேட்டபோதுதான் நான் இத்தனை வருஷம் இந்தச் சொல்லைத் தப்பாகச் சொல்லிவந்தது தெரிந்தது. எழுத்தில் கடைசியில் 'ஏ எல் எல் ஒய்' இருக்கிறதே என்று 'கலி' என்று இழுக்கிறோம். அந்த 'ஏ' ஒலிப்பதே இல்லை. ச-யன்-டிஃ-பிக்-லி, ஐந்தே அசை, அழுத்தம் 'டிஃ' மேல். தலைப்பில் நம் ஊர் வழக்கப்படியே எழுதியிருக்கிறேன், ஆனால் நேர்முகத் தேர்வில் பேசும்போது இந்த ஐந்து அசையை நினைவில் வையுங்கள். எழுதும்போது நேர் எதிர், அந்த 'ஏ எல்'லை விட்டுவிட்டால் எழுத்துப்பிழை. 'ஐசி'யில் முடியும் பெயரடைகள் பொதுவாக இப்படித்தான் 'ஏ எல் எல் ஒய்' சேர்த்து வினையடையாகும், 'பேசிக்' என்பது 'பேசிக்கலி' ஆவது போல. பப்ளிக் மட்டும் பிடிவாதமாக பப்ளிக்லிதான்.

இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாம் பேச்சில் சயின்டிஃபிக்கலி என்று சொல்வதே குறைவு. 'சயின்டிஃபிக்கா ப்ரூவ் பண்ணிருக்காங்க' என்போம். ஆங்கிலப் பெயரடையை எடுத்து நம் 'ஆக'வை ஒட்டினால் வினையடை தயார். அந்தப் பழக்கமே ஆங்கிலம் எழுதும்போது காலை வாரிவிடுகிறது, வினையடை வர வேண்டிய இடத்தில் சயின்டிஃபிக் என்றே எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

மூன்றாவது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம். அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து 1963 முதல் 1965 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. கணினி, இணையம் சார்ந்த சொற்களை இதில் தேடக்கூடாது, வயது அப்படி. ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்த் தமிழ் காண அந்தக் காலத்தில் எடுத்த உழைப்பைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது, ஒரு சொல்லுக்குப் பல நிழல்களைத் தமிழில் பிடிக்க முயன்றிருக்கிறார்கள். அன்றாட வேலைக்கு ஆக்ஸ்ஃபோர்டில் பொருளைப் பிரித்துப் புரிந்துகொண்டு, பிறகு இதில் தமிழைத் தேடுவதுதான் இப்போது என் வழக்கம்.

எந்த அகராதியில் பார்த்தாலும் நீங்களே முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அறிவியலா விஞ்ஞானமா என்பது. தமிழ்நாட்டுப் பள்ளியில் பாடத்தின் பெயர் அறிவியல், இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் விஞ்ஞானம். யாழ்ப்பாணத்து வாசகருக்கு எழுதும்போது விஞ்ஞானரீதியாக என்பதுதான் காதுக்குப் பழகியது. பூர்வமாக, ரீதியாக இரண்டுமே வடமொழி வழி வந்தவை, அதனால் தனித்தமிழ் வேண்டுமென்றால் அறிவியல் முறையில், அறிவியல் அடிப்படையில், அறிவியல்படி என்று போகலாம். இந்த மூன்றும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். சோதித்தார்கள் என்றால் 'முறையில்', சரியானது என்றால் 'அடிப்படையில்'. வாக்கியத் தொடக்கத்தில் சயின்டிஃபிக்கலி ஸ்பீக்கிங் என்று வந்தால் 'அறிவியல்படி பார்த்தால்'. தேனீ என்ற பெயருக்குள்ளேயே ஈ இருக்கிறது, ஆனால் அறிவியல்படி பார்த்தால் அது ஈயே அல்ல. ஈக்குப் பறக்க இரண்டு சிறகு, தேனீக்கு நான்கு, எறும்பும் குளவியும்தான் அதன் நெருங்கிய சொந்தம்.

இப்போது அந்த நான்காவது இடம். வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் உடம்பு இளைக்கும் என்பது 'நாட் சயின்டிஃபிக்கலி ப்ரூவன்' என்று கையேட்டில் இருந்தது. 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதினேன், அதில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. சரிபார்த்தவர் ஓரத்தில் எழுதியிருந்தது, இதைப் படிக்கும் பத்துப் பேரில் பாதிப் பேர் 'பொய் என்று நிரூபித்துவிட்டார்கள்' என்றும், மீதிப் பேர் 'இன்னும் நிரூபிக்கவில்லை, சீக்கிரம் நிரூபித்துவிடுவார்கள்' என்றும் எடுத்துக்கொள்வார்கள் என்று. அவர் சொன்னது நியாயம். ஆங்கிலத்தில் அந்தத் தொடர் ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. இப்படி எதிர்மறையில் வரும்போது தமிழ் வாசகர் காதில் எப்படி விழும் என்பதை மூன்று அகராதியில் எதிலும் நான் பார்க்கவில்லை. இருமொழி அகராதி போடுகிறவர்கள் இதை ஒரு வரியிலாவது சேர்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் அதே கையேட்டில், அடுத்த பக்கத்திலேயே, ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அதற்கு உறுதியான காரணம் உண்டு, தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதைத்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடும். இரண்டு பக்கத்திலும் ஒரே 'அறிவியல்பூர்வமாக' நின்றால் தாய்மார்கள் எதை நம்புவது?

கடைசியில் வெந்நீர் வாக்கியத்தை இப்படி மாற்றினேன்: 'தேன் கலந்த வெந்நீர் உடம்பை இளைக்க வைக்கும் என்று சொல்ல, முறையான ஆய்வுகளில் போதிய சான்று இல்லை.' வினையடை காணாமல் போய்விட்டது, வாக்கியமும் நீண்டுவிட்டது. இந்த முறை சிவப்பு வட்டம் எதுவும் வரவில்லை.