உழாமல் பயறு விதைக்கும் கருவி: வாங்கலாமா?

இரு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் விதையிடும் கருவியை வாங்கலாமா என்று மூதூரில் இருக்கும் மச்சான் கேட்கிறார். தம்பலகாமத்தில் பெரும்போக நெல் அறுத்த வயலில் சில வருடங்களாக நான் அதைக் கொண்டுதான் பயறு போடுகிறேன். விதைக் குழாய்களை இப்போதுதான் மாற்றினேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கருவியைத் தரையில் இறக்கியதுமே மண்ணைக் கீறும் கொழுவுக்குப் பின்னால் இருக்கும் விதைக் குழாயின் வாயில் ஈரக் களிமண் அப்பிக்கொள்கிறது. மேலே விதையை எடுத்துவிடும் தட்டு சுழல்கிறது, பெட்டியில் விதை குறைகிறது, எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தெரியும். உள்ளே ஒரு குழாயில் மட்டும் பயறு அடைத்து நிற்கும். நாலைந்து நாள் கழித்து முளை வரும்போதுதான் வரம்புக்கு வரம்பு ஒரு வரிசை மொட்டையாகக் கிடப்பது கண்ணில் படும். அதற்குள் மேல் ஈரம் போய்விடும். இயந்திரம் நகரத் தொடங்கிய பிறகு இறக்கினால் அடைப்புக் குறைவுதான். ஆனால் சின்ன வயலின் மூலையில் அதற்கு இடம் ஏது? குழாய் வாயை ஓர் அங்குலம் உயர்த்தி, முன்னால் ஒரு தகரத் துண்டைப் பற்றவைத்திருந்தால் போதும். விற்றவரிடம் சொன்னேன். வயல் காய்ந்த பிறகு இறக்கச் சொன்னார். காய்ந்த வயலில் விதைக்க இந்தக் கருவி எதற்கு? ஈரத்தைப் பிடிக்கத்தானே உழவையே விட்டோம்!

அறுவடை இயந்திரம் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோலையும் உதறிப் பரப்ப வேண்டும். இல்லையென்றால் கொழு அதை வாரி இழுக்கும். விதை வைக்கோல்மேல் விழுந்து மயிலுக்குப் போகும். பஞ்சாபில் நெல்லுக்குப் பின் கோதுமை போடுகிறவர்களுக்கும் இதே பாடுதான். அங்கே வைக்கோலை வெட்டி விலக்கியபடியே விதைக்கும் ‘ஹாப்பி சீடர்’ இருக்கிறது. நம் இரு சில்லு இயந்திரத்தால் அதை இழுக்க முடியாது.

முறையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துத் துண்டை ரொட்டவேட்டரால் கிளறி, வீசி விதைத்துப் பார்த்திருக்கிறேன். சேற்று உழவில் இறுகிய களி கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. இடையில் காற்றுப் புகுந்து ஈரத்தைக் கொண்டுபோனது. பிறகு ஒரு மழை. மேல்மண் ஓடுபோல இறுகி, முளைகள் குனிந்த தலையோடு அடியிலேயே கிடந்தன. உழாத துண்டில், அடிக்கட்டைகளுக்கு நடுவே கீறிய கோட்டில், பயறு சீராக எழும்பி நின்றது. சிந்திய நெல் அங்கே கூடுதலாக முளைத்தது உண்மை. ஆனால் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் பயிரை மிதிக்காமல் நடந்து பிடுங்கிவிடலாம். ஏறக்குறைய 60 நாள் பயிர் இது. சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வருவதற்குள் காய் பறித்தாக வேண்டும். உழவில் மிச்சமாகும் ஒவ்வொரு நாளும் பெரிய லாபம்.

மச்சானுக்கு என் பதில் இதுதான்: உழாமல் விதையுங்கள், இந்தக் கருவியைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். என்னுடையதை எடுத்துப் போங்கள், தகரம் வைத்துப் பற்றவைத்திருக்கிறேன். ஒரு நீளக் கம்பியும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நான்கு குழாயையும் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.