ஸ்டாபாட் மாத்தர்: பெர்கொலேசியா, விவால்டியா?

சிலுவையடியில் நிற்கும் வியாகுல மாதாவைப் பற்றிய இந்த லத்தீன் பாடலுக்குப் பரோக் காலத்தில் (சுமார் 1600-1750) பலர் இசையமைத்திருக்கிறார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பெர்கொலேசியின் 1736-ஆம் ஆண்டுப் படைப்பைத்தான் சிபாரிசு செய்வார்கள். நான் விவால்டி பக்கம்.

பெர்கொலேசி எழுதியது அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஒரு சொப்ரானோ (உச்சக் குரல்), ஒரு ஆல்ட்டோ (அதைவிடத் தாழ்ந்த குரல்), தந்திக் கருவிகள், ஆர்கன், அவ்வளவுதான். தொடக்கத்தில் கீழ்ஸ்தாயி பாஸ் ஒரே சீராக நடைபோட, மேலே இரண்டு குரல்களும் உரசி, விலகி, மறுபடி உரசும்போது நெஞ்சைப் பிசைகிறது. காசநோயோடு 26 வயதில் இறந்தவர் கடைசி நாட்களில் எழுதியது வேறு. ஜெர்மன் மேதை பாக்கே இதை எடுத்து பைபிளின் 51-ஆம் சங்கீதத்தின் ஜெர்மன் வரிகளைப் பொருத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாப்போலி நகர ஓபெராவின் (இசை நாடகத்தின்) சாயல் அதை விட்டுப் போகவில்லை. 'க்வே மெரேபாத்' பகுதியில் தாய் துடித்து அழுகிறாள், மெட்டோ மேஜரில், அதாவது மகிழ்ச்சி தொனிக்கும் ஸ்வர வரிசையில், துள்ளுகிறது. பெர்கொலேசியின் நகைச்சுவை ஓபெரா மாதிரியே இருக்கிறது என்று இத்தாலிய இசை அறிஞர் பாத்ரே மார்த்தினி அந்த நூற்றாண்டிலேயே குறைப்பட்டார். எனக்கும் அந்த இடத்தில் மனம் ஒட்டுவதில்லை.

விவால்டி 1712-ல் இத்தாலியின் பிரெஷா நகரில் இருந்த ஒரு தேவாலயத்துக்காக எழுதினார். ஒரே ஒரு ஆல்ட்டோ குரல். பாடலின் 20 பத்திகளில் முதல் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் மூன்று பகுதிகளின் இசையையே அடுத்த மூன்றுக்கும் வேறு வரிகளோடு திரும்பப் பயன்படுத்துகிறார். இதைச் சிக்கனம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இதன் பலம், ஏனென்றால் துக்கத்தில் இருப்பவருக்கு ஒரே நினைவுதானே திரும்பத் திரும்ப வரும்? ஒரு பகுதிகூட மேஜரில் இல்லை, ஏறத்தாழ எல்லாமே மெதுவான நடை. 'எயா மாத்தர்' வரும்போது செல்லோவும் ஆர்கனும் ஒதுங்கிவிடும். வயலின்கள் வெட்டி வெட்டி வாசிக்க, கீழே வயோலா மட்டும் தாங்க, அந்த ஒற்றைக் குரல் காலடியில் தரையில்லாமல் நிற்கும்.

பெர்கொலேசிக்கு 40 நிமிடம் ஒதுக்க வேண்டும், விவால்டிக்கு 20 போதும். விவால்டிக்கு ஆந்த்ரேயாஸ் ஷால் பாடிய பதிவு, பெர்கொலேசிக்கு எம்மா கிர்க்பியும் ஜேம்ஸ் போமனும் பாடியது. அப்புறம், பெர்கொலேசியைப் பெரிய கோரஸ் வைத்துப் பாடும் பதிவுகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்த இரு குரல் உரசல் கூட்டத்தில் கரைந்துவிடும்.