பெரிய சொல்லா, பேட்டைச் சொல்லா?

சென்னையில் ஏசி சர்வீஸ் செய்பவரின் புதிய இணையதளம் கூகுள் தேடலில் மேலே வர, 'ஏசி சர்வீஸ் சென்னை' என்ற பெரிய தேடலுக்கு மோதுவதா, 'வேளச்சேரியில் ஸ்ப்ளிட் ஏசி கேஸ் நிரப்ப எவ்வளவு' போன்ற நீளமான தேடல்களைப் பிடிப்பதா?

முதலாவதில் தேடுபவர்கள் அதிகம். ஆனால் முதல் பக்கத்தைக் கடைகளைத் தொகுத்துத் தரும் பெரிய டைரக்டரி தளங்களும் கூகுள் மேப் பட்டியலும் அடைத்திருக்கும். பிற தளங்கள் உங்கள் தளத்துக்குத் தரும் நல்ல இணைப்புகள் (லிங்க்) இல்லாமல் புதிய தளம் நுழைவது கடினம். காசு கொடுத்து இணைப்பு வாங்கினால் கூகுளின் ஸ்பேம் (தேடலை ஏமாற்றும் வேலை) விதியில் மாட்டும்.

இரண்டாவதில் ஆள் குறைவு. வருபவரோ போனைக் கையில் எடுத்துவிட்டவர். உங்கள் தளம் எந்தத் தேடல்களில் எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் 16 மாதம் வரையிலான தரவு கிடைக்கும். அதில் சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள தேடல்களை வடிகட்டுங்கள். அந்தப் பக்கங்களின் தலைப்பைத் திருத்துங்கள். கட்டணம், வேலைக்கு ஆகும் நேரம், நீங்களே எடுத்த படங்கள் சேருங்கள். முகப்பிலிருந்து இணைப்பு கொடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: அடையாறு, தாம்பரம், அம்பத்தூர் என்று பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பக்கம் போடுவார்கள். இதுவும் கூகுள் விதிப்படி ஸ்பேம்தான். கடலோரத் திருவான்மியூருக்கான பக்கத்தில், கடற்காற்றின் உப்பு அரிக்கும் ஏசி காயிலைப் (உள்ளே இருக்கும் உலோகச் சுருள்) பற்றி எழுதுங்கள், அது உண்மையான பக்கம். சொல்ல ஏதுமில்லாத பகுதிக்குப் பக்கமே வேண்டாம்.

புதிய தளம் இரண்டாவதில் தொடங்கட்டும். இணைப்புகள் சேர்ந்தபின் பெரிய சொல்லுக்கு ஒரே ஒரு பக்கம் போதும். இரண்டு போட்டால் ஒன்றோடொன்று மோதும்.