அணில் வால் வரைய நிப்பா, ஃபைன்லைனரா?

பெங்களூரில் பேனாவும் மையுமாகப் பறவை, விலங்கு வரையத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் இது: பிக்மா மைக்ரான் மாதிரி ஃபைன்லைனர் (மை உள்ளேயே இருக்கும் மெல்லிய முனைப் பேனா) வாங்குவதா, இந்தியன் இங்கில் தொட்டு வரையும் நிப் வாங்குவதா? இரண்டிலும் வரைந்து பார்த்த பிறகு என் மேசையில் தங்கியது நிப்தான்.

ஃபைன்லைனர் சட்டைப்பையில் கிடக்கும், மை கொட்டாது. லால்பாக் ஏரிக்கரையில் நின்றபடி கூழைக்கடாவை வரைய மைப்புட்டியைத் திறந்துவைத்துக்கொள்ள முடியாது. வெளியில் வரைய ஃபைன்லைனர்தான், அதில் பேச்சே இல்லை.

எனக்கு முடிவைச் சொன்னது அணில் வால். கப்பன் பார்க்கில் கிளையில் தலைகீழாகத் தொங்கும் அணிலை வரைந்து பாருங்கள். வால் மயிர் ஒவ்வொன்றும் அடியில் அழுத்தமாகத் தொடங்கி நுனியில் காணாமல் போக வேண்டும். நிப்பின் முனையில் நடுவே ஒரு பிளவு இருக்கும். அழுத்தினால் பிளவு விரிந்து மை கூடுதலாக இறங்கும்; கையைத் தளர்த்திக்கொண்டே இழுத்தால் கோடு மெலிந்து மறையும். ஒரே இழுப்பில் ஒரு மயிர். ஃபைன்லைனரில் கோட்டின் தடிமன் முனையின் எண்ணோடு முடிந்தது: மைக்ரான் 01-இன் கோடு 0.25 மி.மீ., 05 என்றால் 0.45. விசிறி எடுத்தால் நுனி கொஞ்சம் மெலியும், ஆனால் அடி தடிக்காது. அதற்காகக் கோட்டின் மேல் கோடு ஒட்டுப்போட்டால் வால் துடைப்பம் மாதிரி ஆகிவிடும். முதுகின் மூன்று வெளிர் வரிகளிலும் இதே கதை. அவற்றை வரையக்கூடாது, காகிதத்தை அப்படியே விட வேண்டும். ஓரத்து மயிர் அந்த வெள்ளைக்குள் மெலிந்து நுழைய வேண்டும். ஃபைன்லைனரில் அந்த ஓரம் வெட்டென்று நின்றுவிடுகிறது.

சரி, நிப்புக்குப் பராமரிப்பு உண்டு. புது நிப்பில் இருக்கும் எண்ணெய்ப் பூச்சைச் சோப்பு நீரில் கழுவாவிட்டால் மை பிடிக்காது. தண்ணீரில் கரையாத இந்தியன் இங்கில் பெரும்பாலும் அரக்கு இருக்கும். வரையும்போதே அடிக்கடி துடைக்காவிட்டால் முனையில் இறுகிவிடும். முடித்ததும் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். இங்கத்து மழைக்காலத்தில் அதை விட்டால் துருதான். காகிதமும் வழவழப்பாக வேண்டும், இல்லையென்றால் நார் சிக்கி மை தெறிக்கும். ஆனால் சொரசொரப்பான காகிதம் ஃபைன்லைனர் முனையையும் தேய்க்கும். தேய்ந்தால் பேனாவையே தூக்கிப்போட வேண்டும். தொட்டு வரையும் பேனாவில் நிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

ஃபவுண்டன் பேனாவில் நான் அதிகம் வரைந்ததில்லை, அதனால் அதை ஒப்பிடவில்லை. அரக்கு கலந்த இந்தியன் இங்கை மட்டும் அதில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இறுகிப் பேனா வீணாகிவிடும்.

முதல் நிப்பாக நிக்கோ ஜி வாங்கலாம். கொஞ்சம் விறைப்பானது, புதுக் கைக்கு அடங்கும்.