பேர் ஒட்டித் தரும் ஜெர்ஸி கடை

தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் கடை. குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். கால்பந்து ஜெர்ஸி 380 ரூபாய், முதுகில் ஆட்டக்காரர் பேரும் நம்பரும் ஒட்ட 120. அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

நான் தையல் கடை வைத்திருப்பவள். எந்தத் துணியானாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். ஓரம் பிரியாமல் போடும் ஓவர்லாக் தையல் சுத்தம், அக்குளில் நூல் இழுக்கவில்லை. மார்பில் கிளப் சின்னம் எம்பிராய்டரி. முதுகில் பேர் மட்டும் சூடு வைத்து ஒட்டியது. சின்னவன் முதுகில் ஒட்டிய பிரெஞ்சு ஆட்டக்காரர் எம்பாப்பே ஆறே துவையலில் உரிய ஆரம்பித்தார். உள்பக்கம் திருப்பித் துவைக்கச் சொல்லியிருக்கலாம். கேட்டதும் காசில்லாமல் மறுபடி ஒட்டிக் கொடுத்தார்கள், சரி.

2021 ஜூலையில் பெரியவனுக்கு இங்கேதான் பார்சிலோனா மெஸ்ஸி வாங்கினோம். ஜூன் 30ஆம் தேதியே அவர் காண்ட்ராக்ட் முடிந்திருந்தது, யார் பார்த்தது? அவர் போகிறார் என்று ஆகஸ்ட் 5 அன்று கிளப் அறிவித்துவிட்டது. முந்தின வருஷம் அவரே போகிறேன் என்றபோது காண்ட்ராக்ட் மிச்சம் இருக்கிறது, 70 கோடி யூரோ கட்டினால்தான் விடுவோம் என்று மறித்த கிளப் அது. இப்போது அவர் இருக்கச் சம்மதித்தும் லீக்கின் சம்பள வரம்பு இடிக்க, பைசா வாங்காமல் அனுப்பியது. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் தொழிலில் கட்டிங் மாஸ்டர் கதையும் இதுதான். அட்வான்ஸ் நிலுவையில் இருக்கும் மாஸ்டரை இழுக்க, புது முதலாளி அந்தப் பணத்தைக் கட்டி மீட்க வேண்டும். கணக்குத் தீர்ந்தால் அவர் இஷ்டம். ஐரோப்பாவில் போஸ்மன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் 1995இல் தீர்ப்பு வரும் வரை, காண்ட்ராக்ட் தீர்ந்தவருக்கும் கிளப்புகள் விலை கேட்டிருக்கின்றன! எம்பாப்பே இந்தக் கணக்குத் தெரிந்தவர். 2023இல் காண்ட்ராக்டை நீட்டிக்க மறுத்ததும் அவருடைய பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி அவரை ஜப்பான் பயணத்தில் சேர்க்காமல் விட்டது. 2024இல் காண்ட்ராக்ட் முடித்து ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போய்விட்டார். அவர் இல்லாமலே 2025இல் பிஎஸ்ஜி ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஜெயித்தது. வீட்டில் அண்ணன் தம்பி சண்டை இன்னும் ஓயவில்லை.

இப்போது கடைக்காரரே, "காண்ட்ராக்ட் எதுவரைக்கும் தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினைச் சூடாக்குகிறார். சின்னவன் இந்த முறை லிவர்பூல் இசாக் கேட்டான். பழைய கிளப் நியூகாசிலுக்கு ஆட மாட்டேன் என்று உட்கார்ந்து, 12.5 கோடி பவுண்டுக்கு மாறியவர். எங்கள் மாஸ்டர் காதில் விழாமல் இருக்கட்டும்.

பேரில்லாத ஜெர்ஸி மட்டும் வாங்கிவந்தேன். எழுத்துகளைத் துணியில் வெட்டி நானே தைத்துவிட்டேன், பிரிக்கச் சுலபமாக நீளத் தையலில்.