கால்நடை மருத்துவப் பட்டம்: சேரும் முன் படிக்க ஒரு மதிப்புரை

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வழங்கும் பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். படிப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பவை பெரும்பாலும் கட்-ஆஃப், கட்டணம், அரசு வேலை ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தப் படிப்பை முடித்துக் கிராமத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் மாடும் ஆடும் பார்த்துவரும் எனக்கு, அது மாணவரின் கைக்கு எதைக் கற்றுத்தருகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதே முக்கியமாகப் படுகிறது. இந்த மதிப்புரை அதைப் பற்றியதுதான்.

சேர்க்கை முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எனக் கணக்கிட்டு, 200-க்கு எடுத்த கட்-ஆஃப்படி தரவரிசை வெளியாகிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கேட்கப்படுவதில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு மட்டுமே அந்த மதிப்பெண் வேண்டும். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. எம்.பி.பி.எஸ். கை நழுவிய வருத்தத்தோடு வந்து உட்காருகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களில் பலர் மூன்றாம் ஆண்டுக்குள் நல்ல மருத்துவராக மாறிவிடுவதையும், சிலர் கடைசிவரை மாறாமலே பட்டம் வாங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது பழம்பெருமையை மட்டும் பார்க்க வேண்டாம். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1989-இல் தனிப் பல்கலைக்கழகம் உருவான பின், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என இன்று அதன்கீழ்ப் பல கல்லூரிகள் உள்ளன. இந்திய கால்நடை மருத்துவக் குழுமம் வகுத்த பாடத்திட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றாலும், வாசலுக்கு வரும் நோயாளிகள் ஒன்றல்ல. வேப்பேரியில் நாய்களும் பூனைகளும் வரிசையில் நிற்கும்; நாமக்கல்லில் படிப்பவருக்குக் கோழிப்பண்ணைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்; டெல்டாவில் படிப்பவர் பசுவையும் ஆட்டையும் அதிகம் தொடுவார். எந்த விலங்கோடு வேலை செய்ய விருப்பமோ அதற்கேற்ற ஊரைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

நான்கரை ஆண்டுப் பாடங்களில் மிகவும் கடினமானதும் மிகவும் மதிப்புள்ளதும் ஒப்பீட்டுப் படிப்பு என்பேன். ஒரே மருந்து ஒவ்வொரு விலங்கிடமும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். குதிரையை மயக்கத்தில் ஆழ்த்தத் தேவைப்படும் சைலசின் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். மனிதர் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அசைபோடும் விலங்கின் நான்கு அறை வயிற்றைப் படித்த கையோடு கோழியின் அரைவைப் பைக்குத் தாவ வேண்டும். மனப்பாடத்தை நம்பி வருகிறவர் மருந்தியலில் திணறிப்போவார்.

படிப்பின் உச்சம் கடைசி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சிதான். சினைப் பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். தோள்வரை நீளும் கையுறையை மாட்டி, சாணத்தை வெளியே எடுத்துவிட்டு, மலக்குடலின் சுவர் வழியாகவே அதன் அடியில் இருக்கும் கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். மாடு முக்கினால் கை மரத்துப்போகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. தொடக்கத்தில் பாதாம் கொட்டை அளவுள்ள சூலகம் எங்கே என்பதே பிடிபடாது. ஆனால் அந்த விரல்கள்தான் இளஞ்சினையையும் சீழ் கோத்த கருப்பையையும் பிரித்தறிய வேண்டும். சீழ் என்று தவறாகக் கணித்து, அதை வெளியேற்றப் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால், நல்ல சினை கலைந்துபோகும். அந்தக் குடும்பத்துக்குப் பல மாதப் பால் வருமானம் தள்ளிப்போகும். இதை எந்தப் பாடநூலும் கற்றுத்தராது. பொறுமையான பசுக்களும் அதைவிடப் பொறுமையான ஆசிரியர்களும்தான் கற்றுத்தர முடியும். கன்று ஈன்றபின் இரத்தத்தில் கால்சியம் குறைந்து, பால் காய்ச்சலில் விழுந்து கிடக்கும் பசுவுக்கு, இதயத் துடிப்பைக் கேட்டபடியே கால்சியத்தை மெதுவாக ஏற்றி, அது எழுந்து நிற்பதைப் பார்க்கும் நாள் ஒவ்வொரு பயிற்சி மாணவருக்கும் வரும். அந்த ஒரு நாளுக்காகவே இப்படிப்புக்கு நல்ல மதிப்பெண் போடலாம்.

குறையும் இல்லாமல் இல்லை. இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று எப்படிக் கேட்பது, பிழைக்காது என்ற செய்தியை எப்படிச் சொல்வது, தனியாக ஒரு கிளினிக் தொடங்கினால் கணக்கு வழக்கை எப்படிப் பார்ப்பது என்பவற்றுக்கெல்லாம் பாடவேளைகள் போதவில்லை. உதைபட்டும் முட்டுப்பட்டும் உடல் நோகும். வெறிநோய்க்கு முன்தடுப்பூசி போட்டுக்கொள்வதும், கருச்சிதைவுற்ற மாட்டைக் கையுறையில்லாமல் தொடாமல் இருப்பதும் முதல் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும்; கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லோசிஸ் மாட்டோடு நின்றுவிடும் நோயல்ல, மனிதருக்கும் தொற்றும்.

பட்டம் பெற்றதும் 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி மாநிலக் கால்நடை மருத்துவக் குழுமத்தில் பதிவு செய்த பின்னரே தொழில் செய்யலாம். அரசு வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் கால்நடை உதவி மருத்துவர் தேர்வு. அதன் அறிவிப்பு ஆண்டுதோறும் வரும் என்று நம்பிக் காத்திருப்பது வீண். அந்த இடைவெளியில் ஆவின், கோழிப்பண்ணை நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், நகரத்துச் செல்லப்பிராணி மருத்துவமனைகள் எனப் பல கதவுகள் திறக்கும். ராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவான ரிமவுண்ட் வெட்டரினரி கோர் பற்றி நம் மாணவர் பலருக்குத் தெரிவதே இல்லை. யானைகளுக்காகவே வாழ்ந்த கால்நடை மருத்துவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றிப் படித்துவிட்டுக் காட்டு வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அங்கே பணியிடங்களோ மிகக் குறைவு.

மேற்படிப்புக்கு இரண்டாண்டு எம்.வி.எஸ்சி. உண்டு. அறுவை சிகிச்சையிலோ மகப்பேற்றியலிலோ பெயரெடுக்க நினைப்பவர் அதைத் தள்ளிப்போடாமல் படித்துவிடுவது நல்லது. அமெரிக்காவில் தொழில் செய்ய விரும்புகிறவர் நம் பட்டத்தை நேரடியாகக் காட்டி உரிமம் வாங்க முடியாது; அங்குள்ள கால்நடை மருத்துவ அமைப்பு ஒன்றின் தகுதிச் சான்றுத் தேர்வுகளையும் நேவ்லி என்னும் உரிமத் தேர்வையும் முடிக்க வேண்டும். அதற்கான பணத்தையும் ஆண்டுகளையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம்.